வகிடு மாறிய மூன்று தலைகள்

மார்ச் 2

தம்பிக்கு,

நான் ஃபேஷன் ஷோக்களில் முடி அலங்காரம் செய்யப் போன புதிதில், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் ஒரு பத்திரிகையைப் பிரித்து என் கைவேலையைக் காட்டிக்கொண்டிருந்தேன். படத்தில் இருந்த பெண்ணின் தலையில் ஒரு முழ உயரத்துக்கு முடி நின்றது. வீட்டில் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். நீ மட்டும், "ஏன்க்கா, இது அப்புறம் எப்படிக் கீழே எறங்கும்?" என்றாய். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தத் தொழிலில் பாதி ஆயுள் போயிற்று. மீதியில் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்தக் கேள்வியை வேறு ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

நேற்று போனில் நான் முடியாது என்றதும் நீ பட்டென்று வைத்துவிட்டாய். பரவாயில்லை. போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். கடிதத்தில் ஒருவர் பேசினால் மற்றவர் கேட்டுத்தான் ஆகவேண்டும். அதனால் எழுதுகிறேன்.

நீ கேட்டது இது: அடுத்த மாதம் உன் ஊருக்கு வரும் பெரிய ஷோவில் உன்னைச் சேர்த்துக்கொள்ளும்படி அதன் தலைமை ஹேர் டிரெஸ்ஸருக்கு நான் எழுதவேண்டும். அவன் ஒருகாலத்தில் எனக்கு ஹேர்பின் எடுத்துக் கொடுத்தவன். அவனுக்கு உன் கைவேலை பிடித்துப்போனால் சலூனைக் காலி செய்து, இடத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் செல்போன் கடைக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, அவன் குழுவோடு ஊர் ஊராகப் போய்விடுவாய். இதற்குத்தான் முடியாது என்றேன். ஏன் என்று கேட்க நீ நிற்கவில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு டிசைனர், பெண்களின் தலை பறவைக்கூடு மாதிரி இருக்கவேண்டும் என்றார். செய்தோம். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இது பறவை இருக்கிற கூடாம். அவருக்குப் பறவை போய்விட்ட கூடு வேண்டுமாம். வளர்ந்த மனிதர்கள் ஓர் அறை நிறைய நின்றுகொண்டு, பறவை எப்போது போனது, தானாகப் போனதா, யாராவது விரட்டினார்களா என்று சாப்பாட்டு வேளைவரை பேசினோம். கடைசியில் நான் அதே கூட்டைக் கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்த்துவைத்தேன். டிசைனருக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டுக்குக் கீழே இருந்த பெண் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. அதற்கு யார் கண்ணும் கலங்கவில்லை.

இப்போது உன் கேள்விக்குப் பதில். அந்த முடி இறங்காது. ஷோ முடிந்ததும் அந்தப் பெண் அதே தலையோடு வண்டியில் ஏறி அடுத்த ஷோவுக்குப் போவாள். அங்கே இன்னொருவன் சிக்கை நுனியிலிருந்து எடுக்கப் பொறுமையில்லாமல் வேரிலிருந்து சீப்பைப் போட்டு இழுப்பான். அவள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே அழுவாள். மேக்கப்காரர், கண்ணீர் வழிந்தால் மை கலையும் என்று அவளைத்தான் திட்டுவார்.

இதற்காகவா சாவியைக் கொடுக்கப்போகிறாய்?

அக்கா


மார்ச் 9

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வயிறு நிறையச் சாப்பிட்டு ஏப்பமும் விட்டுவிட்டு, சமையல் சரியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டினி கிடப்பவனுக்கு அந்த வாசனையாவது வேண்டியிருக்கிறது.

நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது அப்பாவோடு கடையில் நின்றவன் நான். யாரும் என்னைக் கேட்கவில்லை. அன்றிலிருந்து அதே இரண்டு நாற்காலி, அதே கண்ணாடி. ஓய்வுபெற்ற தபால்காரர் மாதம் தவறாமல் வருவார், உட்கார்ந்ததும் குறட்டை விடுவார். அவர் தலையில் எந்த முடி எப்போது நரைத்தது என்று என்னால் சொல்லமுடியும். பஸ் ஓட்டுகிறவர் வருவார், "போன தடவை மாதிரியே" என்பார். போன தடவையும் அதையேதான் சொன்னார். என் கத்தரிக்கோலுக்கே தூக்கம் வருகிறது. நீங்கள் கூட்டைச் சாய்த்தால் ஒருவருக்காவது கண் கலங்கியது. நான் வெட்டினால் கழுத்தைத் தட்டிவிட்டு எழுந்துபோகிறார்கள்.

அவ்வளவு கேவலமான தொழில் என்றால், உங்கள் வீட்டு நடு அறையில் அந்தப் பத்திரிகைப் படத்தை எதற்குச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறீர்கள்? போன தடவை வந்தபோது பார்த்தேன்.

வீட்டில் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். நான் சாவியைக் கொடுக்கப்போவதாகச் சொன்னதும் உங்கள் தம்பி பொண்டாட்டி சீப்பைத் துடைத்துக்கொண்டே, "உங்க நாற்காலியை நீங்க எங்க வேணா தூக்கிட்டுப் போங்க. என் நாற்காலி இங்கதான் இருக்கும்" என்றாள். பெண்கள் பகுதிக்கு அவள்தான் எல்லாம். அதன்பிறகு என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு மட்டும் வருகிறது, தட்டு சத்தமாக வைக்கப்படுகிறது.

எனக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. ஒரே ஒரு தடவை, நான் செய்த தலையை ஓர் அரங்கம் முழுக்க உட்கார்ந்து பார்க்கவேண்டும். எழுதுவீர்களா மாட்டீர்களா என்று மட்டும் சொல்லுங்கள்.

தங்கள் தம்பி


மார்ச் 16

தம்பி,

"தங்கள்", "நீங்கள்" எல்லாம் பார்த்ததும் பள்ளி நிர்வாகத்திலிருந்து வந்த கடிதமோ என்று நினைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால் உன் கோணல் எழுத்து.

படம் ஏன் மாட்டியிருக்கிறது என்று கேட்டாய். அந்தச் சுவரில் ஈரம் ஊறிப் பூசணம் பூத்திருக்கிறது. அதை மறைக்கிற அளவில் வீட்டில் இருந்த படம் அது ஒன்றுதான். அந்தத் தொழில் எனக்குச் செய்த உருப்படியான காரியம் அதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

நீ அப்பாவோடு நின்றதைப் பற்றி எழுதியதை மறுபடி படித்தேன். உண்மையைத்தான் எழுதியிருக்கிறாய். அதனால் நீ கேட்டதைச் செய்துவிட்டேன். அவனுக்கு எழுதினேன்: "இவன் என் தம்பி. கை சுத்தம். வெட்டும்போது பேசமாட்டான்." இதற்குமேல் புகழ்ந்தால் பொய்யாகிவிடும், குறைத்தால் பொறாமையாகிவிடும்.

ஆனால் யாரிடம் போகிறாய் என்று தெரிந்துகொண்டு போ. பத்திரிகைகள் அவனை மேதை என்கின்றன. நாங்கள் அவனைப் பசை என்போம். எந்த முடி எப்படிப் படியவில்லை என்றாலும் அவனிடம் ஒரே வைத்தியம்தான், பசையைப் பூசி ஒட்டிவிடுவான். ஒருமுறை ஒரு பெண்ணின் காதையும் சேர்த்து ஒட்டிவிட்டான். அவள் வலியில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே மேடையில் நடந்தாள். மறுவாரம் இன்னொரு ஷோவில் பெண்கள் எல்லோரும் தலையைச் சாய்த்துக்கொண்டு நடந்தார்கள். அது புது நடை என்று யாரோ எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது. காது யாருடையது என்று யாரும் எழுதவில்லை. அவனுக்குத் திறமை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கூச்சப்படாமல் இருப்பது ஒரு திறமை என்றால், அதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

போவதென்று முடிவு செய்துவிட்டாய். அதனால் ஒன்று சொல்கிறேன், இதை மட்டும் கேள். மேடைக்குப் பின்னால் உன் கடையில் இருப்பதுபோல் கண்ணாடி இருக்காது. கடையில் நீ வாடிக்கையாளருக்குப் பின்னால் நிற்கிறாய், இருவரும் கண்ணாடியைப் பார்க்கிறீர்கள். கண்ணாடியில் உன் வலப்பக்கம் தெரிவதுதான் அவருடைய வலப்பக்கம். ஓர் ஆளை நேருக்கு நேர் உன் எதிரே உட்காரவைத்தால் அப்படியில்லை. உன் வலப்பக்கம் தெரிவது அவருடைய இடப்பக்கம். இது சின்னக் குழந்தைக்கும் தெரியுமே என்பாய். உனக்குத் தெரியும். உன் கைக்குத் தெரியாது. பள்ளியில் முதல் நாள் நான் எல்லாக் கண்ணாடிகளையும் பழைய போர்வை போட்டு மூடிவிடுவேன். கடையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவர்கள்தான் அன்றைக்கு முதலில் தடுமாறுவார்கள். புதியவர்களுக்குத் தொந்தரவே இருக்காது. ஆகவே ஒவ்வொரு தலையும் முடிந்ததும் முன்பக்கம் நடந்துபோய் முகத்தைப் பார்.

இன்னொன்று. ஷோ முடியும்வரை சாவி உன் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

அக்கா


ஏப்ரல் 3

அக்கா,

பசையின் ஆள் போன் செய்தார். என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்! மேடையில் நடக்கும் மூன்று பெண்களுக்கு நான் தலை அலங்காரம் செய்யவேண்டும். நன்றி. இனி "நீ" என்றே எழுதுகிறேன்.

கறுப்புச் சட்டை தைத்தாகிவிட்டது. அங்கே எல்லோரும் கறுப்புதானாம். என் வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு, துக்கத்துக்குப் போகிறீர்களா என்று கேட்டாள். பல நாளைக்குப் பிறகு என்னோடு பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

செல்போன் கடைக்காரரிடம் இந்த மாதக் கடைசியில் சாவி தருவதாகச் சொல்லிவிட்டேன். அவர் வந்து கண்ணாடி இருக்கும் சுவரை அளந்துகொண்டும் போய்விட்டார். நீ திட்டுவாய், தெரியும்.

கண்ணாடியைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ஆசிரியைப் புத்தி உன்னை விடவில்லை. இத்தனை வருஷம் தலையைப் பார்க்கிறவனுக்கு இடது எது வலது எது என்று பாடமா? தூக்கத்தில் எழுப்பினாலும் நேர் வகிடு எடுப்பேன்.

தம்பி


ஏப்ரல் 14

அக்கா,

சிரிப்பதானால் இப்போதே சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

ஒரு பெரிய கூடாரம். வரிசையாக நாற்காலிகள். சொன்னபடியே கண்ணாடி இல்லை. பசை ஒரு பெண்ணை எங்கள் பக்கம் திருப்பி உட்காரவைத்து அலங்காரத்தைச் செய்து காட்டினார். கோண வகிடு எடுத்து இரண்டு பக்கமும் படிய வாரி ஒட்டவேண்டும், அவ்வளவுதான். இதற்கா இத்தனை பேர் என்று நினைத்தேன். வகிடு எனக்கு வலப்பக்கம் தெரிந்தது. வலது என்று மனசில் போட்டுக்கொண்டு என் பெண்களிடம் போனேன். பின்னால் நின்றேன். வாரினேன். ஒட்டினேன்.

முன்பக்கம் போய்ப் பார்த்தேனா என்று கேட்பாய். போகவில்லை. மறந்து போகவில்லை அக்கா, அப்படி ஒரு வேலை இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. கடையில் வாடிக்கையாளரின் முகம் தானாகக் கண்ணாடியில் வந்து நிற்கும். நான் எந்தக் காலத்தில் எழுந்துபோய்ப் பார்த்தேன்? அதோடு ஒருவன் "சீக்கிரம், சீக்கிரம்" என்று காதில் கத்திக்கொண்டே இருந்தான்.

திரைக்குப் பின்னால் எல்லோரையும் வரிசையில் நிறுத்தியபோதுதான் தெரிந்தது. மற்றப் பெண்களுக்கெல்லாம் வகிடு அவர்களுடைய இடப்பக்கம். என் மூன்று பேருக்கு மட்டும் வலப்பக்கம். அதற்குள் பாட்டுத் தொடங்கிவிட்டது. முதல் பெண் வெளியே போய்விட்டாள்.

பசை என்னை ஒன்றும் தனியாகக் கூப்பிடவில்லை. அத்தனை பேர் நடுவில், "இந்த ஆளை எவன் உள்ள விட்டது? போய் எங்கயாவது ஆடு மாட்டுக்கு முடி வெட்டச் சொல்லு" என்றார். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, பக்கத்திலிருந்தவனிடம் சொன்னார். மூன்று பெண்களில் நெட்டையாக இருந்தவள்தான் மேடையிலிருந்து திரும்பியதும் என் அருகே வந்து, "உங்க கை பட்டு எனக்கு வலிக்கலை, அதனால ஒண்ணும் சொல்லாம உட்கார்ந்திருந்தேன்" என்றாள். அவளுக்கு வகிடு மாறியது முன்பே தெரிந்திருக்கிறது! கடை எங்கே என்று கேட்டாள். சொன்னேன்.

பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரி கதவைத் திறந்தாள், கறுப்புச் சட்டையைப் பார்த்தாள், தண்ணீர் கொண்டுவந்தாள். சத்தமில்லாமல் வைத்தாள்.

சாவி விஷயம் அப்படியே இருக்கிறது. வாக்கு கொடுத்துவிட்டேன். இங்கேயும் இருக்கமுடியாமல், அங்கேயும் போகமுடியாமல் நிற்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 17

தம்பி,

சிரித்தேன். பிறகு ஆடுமாடு என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன்.

இப்போது சிரிக்கவேண்டியது உன் முறை. உன் ஊரில் பேப்பரின் ஃபேஷன் பக்கத்தை யாரும் பிரிக்கமாட்டார்கள் என்பதால் நானே எழுதுகிறேன். நேற்று வந்த விமர்சனத்தில் ஆடைகளுக்கு ஒரு பத்தி, உன் வகிட்டுக்கு இரண்டு பத்தி. "ஒரேமாதிரித் தலைகளின் அணிவகுப்பில், எதிர்த்திசையில் பிளந்த மூன்று தலைகள் பார்வையாளரின் நிம்மதியைக் குலைத்தன. கீழ்ப்படிய மறுக்கும் அந்த வகிடுகளில்தான் இந்த ஆண்டின் கோபம் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார் ஒரு புண்ணியவான். என் மாணவர் யாராவது பரீட்சையில் இப்படி எழுதியிருந்தால், முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்திருப்பேன்.

கீழே பசையின் பேட்டி. அந்த மூன்று தலைகளுக்காகப் பல இரவுகள் தூங்கவில்லையாம். சரியாக மூன்றா, நான்கா என்பதுதான் பெரிய போராட்டமாக இருந்ததாம்.

யோசித்துப் பார். ஒரு சமையல்காரர் கைதவறிச் சாம்பாரில் சர்க்கரையைக் கொட்டிவிட்டால் சாப்பிடுகிறவர் முகத்தைச் சுளிப்பார், சமையல்காரர் மன்னிப்புக் கேட்பார், கதை முடிந்தது. ஃபேஷன் உலகத்தில்தான், இனிப்பைக் கண்டுபிடித்ததாகச் சமையல்காரர் மாலை போட்டுக்கொள்வார். இலக்கணம் தெரிந்தவர்களுக்கு நடுவில் தப்பு செய்தால் அது தப்பு. எது சரி என்று யாருக்குமே தெரியாத இடத்தில் தப்பு செய்யவும் முடியாது, சரியாகச் செய்யவும் முடியாது. அந்தத் தொழிலில் எனக்குப் பிடிக்காமல் போனது அதுதான். என் நல்ல வேலையையும் அவர்கள் இதே மாதிரிதான் பாராட்டினார்கள்.

அவன் உனக்குப் போன் செய்வான். "அண்ணே" என்று கூப்பிடுவான். அப்போது என்ன சொல்வாய் என்பதை இன்றைக்கே யோசித்து வைத்துக்கொள். நான் சொல்லித்தரமாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 26

அக்கா,

நீ சொன்ன மாதிரியே பசை கூப்பிட்டார். "அண்ணே"தான். அடுத்த ஊரில் ஷோ இருக்கிறதாம், அதற்கடுத்தது வெளிநாடாம். இந்தமுறை பாதிப் பெண்களுக்கு மாற்று வகிடு, அதற்கு நான்தான் பொறுப்பாம். எனக்குக் கீழே ஆட்கள். பொய் சொல்லமாட்டேன், ஆசை வந்துவிட்டது. இதைத்தானே கேட்டேன்? ஆடுமாடு பற்றி அவருக்கு ஞாபகமே இல்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

இரண்டு நாள் டைம் கேட்டேன். மறுநாள் நெட்டைப் பெண் கடைக்கு வந்தாள். தலைக்குத் துணி கட்டியிருந்தாள். என்னிடம் வரவில்லை, நேராக என் வீட்டுக்காரியின் நாற்காலியில் உட்கார்ந்து துணியை அவிழ்த்தாள். ஷோவில் போட்ட பசை இன்னும் அப்படியே இருந்தது. அதற்குமேல் வேறு இரண்டு ஷோவின் பசை. "இதை எப்படி எடுக்கிறதுன்னு யாருமே சொல்லித்தரலை" என்றாள்.

எனக்கு உன் பத்திரிகைப் படமும் நான் கேட்ட கேள்வியும் ஞாபகம் வந்தன.

என் வீட்டுக்காரி வெந்நீர் வைத்தாள், எண்ணெய் ஊறவைத்தாள், நுனியிலிருந்து ஒவ்வொரு சிக்காக எடுத்தாள். நான் பக்கத்தில் நின்று விளக்கைப் பிடித்தேன். கடையில் வேறு யாரும் இல்லை, தபால்காரர் மட்டும் என் நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பாதியிலேயே அந்தப் பெண்ணும் தூங்கிவிட்டாள். இரண்டு பேர் குறட்டைக்கு நடுவில் என் வீட்டுக்காரி மெதுவாக, "ஓர் அரங்கம் முழுக்க உட்கார்ந்து பார்த்தாங்களே, இதை ஒருத்தரும் பார்க்கலையா?" என்றாள். அவள் தலையின் முன்பக்கம், ஷோக்காரர்கள் எப்போதும் வகிடு எடுக்கிற இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு முடியே இல்லை அக்கா. இழுத்து இழுத்துப் போய்விட்டது. நான் பின்னால் நின்று செய்தேன் இல்லையா, அதனால் அன்றைக்கு அதையும் நான் பார்க்கவில்லை.

மாலையில் பசைக்குப் போன் செய்தேன். "தப்பா எடுக்க எனக்குத் தெரியாதுண்ணே. தெரியாமதான் அது வந்துச்சு" என்றேன்.

கொஞ்சமும் யோசிக்காமல், "அதனால என்ன, வாங்க, நான் கத்துக்கொடுக்கறேன்" என்றார்.

என் தப்பை எனக்கே கற்றுக்கொடுக்கிறாராம். சிரிப்பு வந்துவிட்டது, அப்படியே போனை வைத்துவிட்டேன். இதை உனக்குச் சொல்லவேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

சாவி தரமுடியாது என்றதும் செல்போன் கடைக்காரர் திட்டிவிட்டுப் போனார். பாதி நியாயம்தான், அளந்தது வீண். கறுப்புச் சட்டையைக் கிழித்து நாற்காலி துடைக்கிறோம். என் வீட்டுக்காரி பேசுகிறாள், இப்போது நிறுத்தத்தான் ஆள் இல்லை. பஸ் ஓட்டுகிறவர் இன்றைக்கும் "போன தடவை மாதிரியே" என்றார். நான் எழுந்து முன்பக்கம் போய் அவர் முகத்தைப் பார்த்தேன். என்னய்யா, முகத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பயந்துவிட்டார்.

நெட்டைப் பெண் வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறாள். முடி போன இடத்தை விட்டுவிட்டு வேறு எங்கே வகிடு எடுத்தால் அவளுக்கு நிற்கும்? இடமா, வலமா? இந்தமுறை பாடம் நடத்து, கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 29

தம்பி,

நேற்றுச் சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார். படத்தைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். பூசணம் போனபிறகு அதற்கு அங்கே வேலை இல்லை.

நீ "இடமா, வலமா" என்று கேட்கிறாய். டிசைனர்களும் அப்படித்தான் கேட்பார்கள். நாம் சொல்லவேண்டியதில்லை. ஒவ்வொரு தலைக்கும் முடி தானாக விழுகிற ஒரு பக்கம் உண்டு. அதற்கு எதிராக இழுத்தால் முடி வேரோடு வரும், அதைத்தான் அந்தப் பெண்ணின் தலையில் பார்த்தாய். தேடும் முறை எளிது. ஆனால் அவள் தலையில் செய்வதற்கு முன்னால் உன் தலையில் செய்து கைக்குப் பழக்கு. உன் வீட்டுக்காரியும் செய்துபார்க்கட்டும்.

நாளைக் காலையில் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றுகொள். தலையை நன்றாக நனைத்து, முடி முழுவதையும் நேராகப் பின்னால் வாரு. பிறகு உச்சியில் உள்ளங்கையை வைத்து மெதுவாக முன்னால் தள்ளு. முடி தானே பிரியும். அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார், அங்கே வகிடு எடு.

அக்கா